காளியப்பனுக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்துவிடவும்

பாலக்கோடு,
வியாழக்கிழமை.

என் தங்கை குல்ஷன் பெற்ற கண்மணியும், பெங்களூரில் ஏழாவது மாடியில் உட்கார்ந்து உலகத்தையே ஆட்டிவைப்பவளுமாகிய உஸ்மாவுக்கு, தக்காளி மண்டி அப்துல் சுபான் மாமு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் முமானி சாயிராவும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அது எப்போதுமே தனிக்கட்சி.

இதுவரை யாரும் நம்பாத, இனிமேலும் எவரும் நம்பப்போகாத ஒரு கதையை, நாற்பது வருஷம் தராசு பிடித்த கையால், குன்றிமணியளவுகூடக் கூட்டாமல் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். அதையும் நூற்றில் பத்து பேருக்கு மட்டும் கேட்கும்படி வைத்திருப்பாயோ என்ற பயத்தில் கடுதாசி.

போன வாரம் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, நாங்கள் எல்லோரும் விலை பார்க்கும் தக்காளி ஆப்பைத் திறந்தால், என் போனில் புதிதாக ஒரு பச்சைப் பக்கம். எந்த ஊரிலிருந்து எத்தனை வண்டி சரக்கு வருகிறது என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. பெருமை தாங்காமல், பக்கத்துக் கடை வாசலில் நின்ற காளியப்பனிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவன் தன் போனைத் திறந்தான். பழைய பக்கம். மூடித் திறந்தான், சட்டையில் துடைத்துத் திறந்தான், வெயிலில் காட்டித் திறந்தான். பழைய பக்கமேதான்.

"யோவ் பாய், எனக்கு ஏன் வரலே?" என்றான்.

அங்கேதான் வாயை விட்டேன். "எங்க உஸ்மா பண்ற வேலைப்பா அது. ஃபீச்சர் ஃப்ளாக்னு பேரு. புதுசா ஒன்னு வந்தா எல்லாருக்கும் ஒரே நாள்ல தரமாட்டாங்களாம். நூத்துல பத்து பேருக்குக் குடுத்து, ஏதும் கெட்டுப்போவுதான்னு பாத்துட்டுத்தான் மத்தவங்களுக்குத் திறப்பாங்களாம்."

காளியப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "சரிங்க பாய். உங்க வூட்டுப் பொண்ணு, உங்களுக்குத்தானேங்க தரும். நாங்கெல்லாம் மிச்சம் தொண்ணூறுங்க."

எத்தனை 'ங்க' என்று எண்ணிப் பார். திட்டியிருந்தால் ஒரு டீ சொல்லிச் சமாதானம் பண்ணியிருப்பேன். மரியாதை கொடுத்துவிட்டானே, அதற்கு என்ன மருந்து?

மத்தியானத்துக்குள் பாலக்கோடு இரண்டாகப் பிளந்தது. கடத்தூர் பஸ்ஸில் கண்டக்டர், "பத்தெல்லாம் முன்னாடி ஏறு, தொண்ணூறெல்லாம் பின்னாடி ஏறு" என்று கத்தினார். பாப்பிரெட்டிப்பட்டியில் நிச்சயமாகியிருந்த ஒரு கல்யாணம், மாப்பிள்ளை பத்து, பெண் தொண்ணூறு என்று தெரிந்ததும் நின்றுபோனது. என் கடைத் தக்காளியே இரண்டு பக்கமாக உருண்டு ஒதுங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

புதன்கிழமை என் பச்சைப் பக்கம் மாயம். அது காளியப்பன் போனுக்குப் போய்விட்டது. காட்டுவானா? பிறந்த குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மார்க்கெட்டைச் சுற்றி வந்தான். வியாழக்கிழமை இருவருக்குமே இல்லை. "அந்தப் பொண்ணு அங்க உக்காந்து ஒரு எழுத்த மாத்துது, இங்க ரெண்டு கெழவனுங்களுக்குச் சோறு எறங்கமாட்டேங்குது" என்று உன் முமானி தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு உனக்குப் போன் போட்டேனே, நீ என்ன சொன்னாய்? "மாமு, நாங்க சுவிட்ச் போர்டு மட்டும்தான் செய்றோம். எந்த சுவிட்ச் யாருக்குங்கிறது அந்த ஆப்காரங்க பாடு. ஆள் மாறி மாறிப் போனது மட்டும் எங்க தப்பு, வெள்ளிக்கிழமை சரி பண்ணிடுவோம். அப்புறம் ஒருதரம் யாருக்கு விழுந்துதோ அவருக்கே நிலைச்சுடும்." சொன்னபடி சரி பண்ணினாய், நன்றாயிரு. எனக்கு இருப்பது நிலைத்துவிட்டது. காளியப்பனுக்கு இல்லாதது நிலைத்துவிட்டது.

எங்கள் கதை உனக்குத் தெரியாது உஸ்மா. மார்க்கெட்டுக்கே என் கடையில் ஒரே ஒரு கறுப்பு போன் இருந்த காலத்தில், கோலார் தக்காளி விலை கேட்க விடிந்ததும் வந்துவிடுவான். ஒரு ரிசீவர், இரண்டு காது. அவன் மீசை என் கன்னத்தைக் குத்தும். விலை இரண்டு பேர் காதிலும் ஒரே நொடியில் விழும்; ஒரே நொடியில் முகம் சுளிப்போம். எலக்ட்ரானிக் தராசு வாங்கியது ஒரே நாள். செல்போனும் ஒரே நாள், ஒரே கடை, ஒரே நிறம். முதல் மாதம் முழுக்கப் போன் மாறிப்போய், அவன் சம்சாரத்திடம் நானும் உன் முமானியிடம் அவனும் திட்டு வாங்கினோம். என்னிடம் இருந்து அவனிடம் இல்லாதது என்று ஒன்று ஏற்பட்டதே இப்போதுதான்.

ஆகவே இந்த விண்ணப்பம். அவனுக்கும் திறக்கச் சொல். முடியாதென்றால் எனக்கும் மூடச் சொல். சுவிட்ச் போர்டே செய்கிறவள் சொன்னால் ஒரு சுவிட்சைத் தட்டமாட்டார்களா? நாற்பது வருஷச் சிநேகிதம் ஒரு பச்சைப் பக்கத்தில் போய்விடும் போலிருக்கிறது.

நீ எழுதுவதெல்லாம் முதல் தடவையே ஓடட்டும். உன் மேனேஜருக்கு அல்லா நல்ல தூக்கத்தையும் நீண்ட விடுமுறையையும் கொடுக்கட்டும். அம்மாவுக்கும் தம்பி ஃபைஸுக்கும் என் சலாம்.

அன்புள்ள,
அப்துல் சுபான் மாமு

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஒரு திருத்தம், நீ மட்டும்தான் திருத்தலாமா? மேலே கேட்டதைச் செய்துவிடாதே. யாரிடமும் எதுவும் சொல்லாதே. என்றைக்காவது நூற்றுக்கு நூறு திறந்துதான் தீருவார்கள் என்று தெரியும்; அதுவரை எங்களை இப்படியே விட்டுவை. பஸ்ஸும் கல்யாணமும் தக்காளியும் என் சொந்தச் சரக்கு என்பது உனக்கே தெரிந்திருக்கும். ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு, ஒட்டின கடைகளில் இருந்துகொண்டே நாங்கள் தினமும் ரோஜாப்பூப் படத்தில் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டோம். அவன் என் கடைக்குள் கால் வைத்துப் பதினோரு வருஷம். போன சனிக்கிழமை வாசலில் வந்து நின்று, எங்கேயோ பார்த்தபடி, "இன்னிக்கு வண்டி எத்தினின்னு பாத்துச் சொல்லுங்க" என்றான். ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்தான். செவ்வாய்க்கிழமை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இன்று காலை என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு, "தள்ளு, நானே பாக்கறேன்" என்றான். வண்டிக் கணக்கைப் பார்த்து முடித்த பிறகும் எட்டு மணி வரை எழுந்து போகவில்லை. இவ்வளவு நீளக் கடுதாசியில் அந்தச் சின்ன விஷயம் மட்டும் கலப்படமில்லாத உண்மை.