யோசனை சாரின் மெமரிக் கோளாறு

"மறுபடியும் போயிடுச்சு" என்றார் யோசனை சார், ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.

அவர் எதிரே கம்ப்யூட்டர் திரை அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கறுத்துக் கிடந்தது. பக்கத்து மேஜையில் பில் போடும் அம்மா, தட்டிக்கொண்டிருந்த விரல்களை நிறுத்தாமலே கேட்டார்.

"சேவ் பண்ணியிருந்தீங்களா சார்?"

"எழுதினதைச் சேவ் பண்ணலாம். யோசிச்சதை எப்படிம்மா சேவ் பண்றது?"

ஜன்னலுக்கு வெளியே இரண்டு லாரி டிரைவர்கள் பில்லுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அது ஒரு பசைக் கம்பெனியின் கிளை ஆபீஸ். மரம் ஒட்ட, காகிதம் ஒட்ட, பிய்ந்த செருப்பை ஒட்ட என்று விதவிதமான பசை டப்பாக்கள் பின்னாலிருந்த கிடங்கில் கூரையைத் தொட்டன. முன்னறையில் நான்கு மேஜை, நான்கு கம்ப்யூட்டர். மேனேஜருக்கு ஒன்று, பில் போடும் அம்மாவுக்கு ஒன்று, சரக்கை எடை போட்டு அனுப்பும் எடைக்காரருக்கு ஒன்று. நான்காவது தலைமை எழுத்தருடையது. அவருடைய சொந்தப் பெயரை ஆபீஸ் மறந்து வெகுகாலம் ஆகிறது. எதைக் கேட்டாலும் "யோசனை பண்ணிட்டுச் சொல்றேன்" என்பதால் யோசனை சார். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஒருநாள் காதில் விழுந்தபோது, அவர் அதைப் பட்டம் மாதிரி வாங்கிச் சூட்டிக்கொண்டார்.

இப்போது அவருக்கு ஒரு பெரிய யோசனை வந்து வாய்த்திருந்தது. துணை மேனேஜர் நாற்காலி காலி. 'கிளையின் எதிர்காலம்' என்று ஓர் அறிக்கை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தது தலைமை ஆபீஸ். அறிக்கை பிடித்துப்போனால் நாற்காலி அவருக்கு. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அதற்குள் அவர் மனைவி, "அவரைத் துணை மேனேஜராப் போட்டுட்டாங்க" என்று தன் தங்கைக்கு ஃபோனில் சொல்லியும் விட்டார். ஆகவே, பதவி வராவிட்டால் வீட்டுக்குப் போவதில் சில சிக்கல்கள் இருந்தன.

அவர் எழுதுகிற முறையே தனி. 'பசை என்பது வெறும் பசை அல்ல' என்று ஒரு வாக்கியம் தட்டுவார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, மின்விசிறியைப் பார்ப்பார். வாக்கியம் பழுக்க வேண்டும். வாழைத்தாரைப் பழுக்கப் போட்டவன் நிமிடத்துக்கு ஒருதரம் போய் அமுக்கிப் பார்ப்பானா? பொறுமையாக இருப்பான். அவரும் பொறுமையாக இருந்தார். கனிந்த வாக்கியத்தை இறக்கி வைக்கலாம் என்று முன்னால் சாயும்போது திரை கறுத்திருக்கும். பொத்தானை அமுக்கினால், எதுவுமே நடக்காதது போல் கம்ப்யூட்டர் சிரித்துக்கொண்டு எழுந்திருக்கும். பழுத்த வாக்கியம் மட்டும் எங்கோ உதிர்ந்து போயிருக்கும்.

வயரை ஆட்டிப் பார்த்தார். பிளக்கை மாற்றிச் சொருகினார். அது மின்விசிறியின் பிளக் என்பது எல்லோருக்கும் வியர்த்த பிறகுதான் தெரிந்தது. கம்ப்யூட்டர் அதற்கும் மசியவில்லை.

கடைசியில் மச்சினனை ஃபோனில் கூப்பிட்டார். மனைவியின் தம்பி செல்ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். மின்சாரத்தில் ஓடுகிற எதைப் பற்றியும் அவனிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும்.

"மாமா, அது ரேம்தான்" என்றான் அவன், கேள்வி முடிவதற்குள்.

"அப்படின்னா?"

"மெமரி மாமா. கம்ப்யூட்டரோட ஞாபக சக்தி. அதுல கோளாறு வந்தா இப்படித்தான், திடீர்னு எல்லாத்தையும் மறந்துட்டு மயங்கி விழும். சிபியூவைத் திறந்து ரேமைக் கழட்டி, அழிரப்பரால நல்லாத் தேய்ச்சு மாட்டுங்க."

"அழிரப்பரால தேய்ச்சா ஞாபகம் அழிஞ்சுடாதா?"

"மாமா, நான் சொல்றேன்ல."

சிபியூவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு தூசிப் படலம் எழுந்து ஆபீஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எடைக்காரர் வரிசையாகத் தும்மிவிட்டு, "உள்ள யாராவது குடியிருந்தாங்களா சார்?" என்று கேட்டார். யோசனை சார் சீப்பு மாதிரி நீளமாக இருந்த ரேமை உருவி, மூக்குக் கண்ணாடி துடைக்கிற பக்குவத்தில் தேய்த்தார். ரப்பர் துகள்களை வாயால் ஊதினார். அவை நேராக சிபியூவுக்குள் போய் உட்கார்ந்தன.

மாட்டினார். கம்ப்யூட்டர் வந்தது. 'பசை என்பது வெறும் பசை அல்ல. அது ஓர் உறவு' என்று அடித்தார். அவருக்கே புல்லரித்தது. அந்தப் புல்லரிப்பு அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது திரையும் மூடியிருந்தது.

"மாமா, மாத்திப் போட்டுப் பாத்துடுங்க" என்றான் மச்சினன். "உங்க ரேமை இன்னொரு மிஷின்ல போடுங்க, அந்த ரேமை உங்க மிஷின்ல போடுங்க. கோளாறு எந்த ரேம் பின்னாடி போகுதோ, அதுதான் குற்றவாளி."

இந்த முறை யோசனை சாருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பில் போடும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"என் மிஷின் நல்லா ஓடிக்கிட்டிருக்கு சார். சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீங்க."

"ஆராய்ச்சிம்மா. நீங்க என் இடத்துல உக்காந்து வேலையைப் பாருங்க. கெட்ட ரேமோட நானே மல்லுக்கட்டறேன். உங்களுக்கு ஒரு கஷ்டமும் வராது."

வந்தது. பில் அச்சாகிற பிரிண்டர் அந்த அம்மாவின் பழைய மேஜையில் இருந்தது. பில்லை யோசனை சார் மேஜையில் அடித்து, பென் டிரைவில் எடுத்து வந்து, அவரை "கொஞ்சம் நகருங்க சார்" என்று நகர்த்தி, அச்செடுத்து, ஜன்னலுக்கு ஓட வேண்டியிருந்தது. நாலு பில்லுக்குள் அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். ஆனால் ஒன்று: யோசனை சாரின் மேஜையிலிருந்த கம்ப்யூட்டர் அவரிடம் பசுவாக நடந்துகொண்டது. ஒரு தரம்கூட அணையவில்லை.

பிரிண்டர் ஓய்ந்த நேரத்தில் யோசனை சாரும் எழுதினார். பசை ஓர் உறவு என்றால், அந்த உறவு எத்தகையது? அம்மா பக்கத்து மேஜையில் ஒரு நீண்ட கணக்கைத் தட்டிக்கொண்டிருக்க, அவர் மின்விசிறியைப் பார்த்து உறவுகளைப் பற்றிச் சிந்தித்தார். தாய், மனைவி, மச்சினன் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது எதிரே இருந்த திரை பட்டென்று அணைந்தது.

அவர் துள்ளி எழுந்தார். வருத்தத்தில் அல்ல.

"பாத்தீங்களா? கோளாறு என் ரேம் பின்னாடியே வந்துடுச்சு. நிரூபணம் ஆயிடுச்சு."

குற்றவாளி பிடிபட்டாயிற்று. இனி நல்ல ரேம் ஒன்று வேண்டும். மேனேஜர் ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார். அவருடைய கம்ப்யூட்டரில் இரண்டு ரேம்கள் இருந்தன. ஒரு மனிதருக்கு எதற்கு இரண்டு ஞாபகம் என்று யோசனை சாருக்குத் தோன்றியது. ஒன்றை உருவிக்கொண்டுவந்து பில் அம்மாவின் கம்ப்யூட்டரில் போட்டார்.

அது மேனேஜர் ரேம். கம்பெனியிலேயே உசத்தியானது. அந்த நம்பிக்கையில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு முழுப் பத்தியை மனசுக்குள் கட்டினார். கட்டி முடிக்கும்போது மிஷின் அணைந்தது.

"மாமா, கெட்ட ரேம் உள்ள இருந்தப்பவே அந்த மிஷினும் கெட்டிருக்கும்" என்றான் மச்சினன், குரலில் கொஞ்சம் பிசிறு தட்ட.

"பன்றியோட சேர்ந்த கன்றுங்கிற மாதிரியா?"

"அதேதான் மாமா. வேற மிஷினுக்கு மாறிடுங்க."

மாறினார். எடைக்காரரைக் கிடங்குப் பக்கம் அனுப்பிவிட்டு, மேனேஜர் ரேமை எடைக்காரருடைய கம்ப்யூட்டரில் சொருகப் பார்த்தார். அது வேறு வகை. உள்ளே போக மறுத்தது. யோசனை சார் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. ரேம் உள்ளே போன சத்தம் அல்ல அது. அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

மேனேஜர் ரேமைச் சத்தமில்லாமல் மேனேஜர் மிஷினிலேயே திருப்பி மாட்டிவிடலாம் என்று போனார். மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் மிஷின் 'பீப், பீப், பீப்' என்று கத்த ஆரம்பித்தது. பசித்த குழந்தை மாதிரி நிற்காத கத்தல்.

"மாமா, ஒரு நிமிஷம்" என்றான் மச்சினன். "நீங்க என்ன சட்டை போட்டிருக்கீங்க?"

"ஏன்டா, நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்?"

"பாலியஸ்டரா மாமா?"

தடவிப் பார்த்தார். "ஆமாம்."

"அங்கதான் விஷயம். உங்க உடம்புல கரண்ட் இருக்கு மாமா. நீங்க தொட்ட ரேமெல்லாம் செத்துப்போகுது. செருப்பைக் கழட்டிட்டு, ஏதாவது இரும்பைப் பிடிச்சுக்கிட்டே வேலை பாருங்க. கரண்ட் இறங்கிடும்."

ஆக, அந்தக் கிளையின் எதிர்காலத்தை எழுத யோசனை சார் வெறுங்காலோடு, இடது கையால் பீரோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையின் ஒரே விரலை வைத்துக்கொண்டு, பழைய ரேமையே திருப்பி மாட்டிய பில் அம்மாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர் மாதிரி இருந்தது. 'உறவு என்பது' வரை வந்தார். அதற்குள் தோள்பட்டை வலித்தது. கைப்பிடியை விடவும் பயம். அப்படியே தலையைப் பீரோவில் சாய்த்து, அடுத்த சொல்லைத் தேடினார். சொல் வருவதற்குள் திரை போயிற்று.

எடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பிறகு தராசை மெதுவாக நகர்த்திச் சுவரோரமாக வைத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க சார். சிலருக்குக் கை ராசி அப்படி. எங்க சித்தப்பா தொட்டா கடிகாரம் நிக்கும்."

மேனேஜர் திரும்பி வந்தபோது வாசலில் ஏழெட்டு லாரிகள் நின்றன. டிரைவர்கள் இறங்கி நிழலில் படுத்துவிட்டார்கள். உள்ளே அவருடைய கம்ப்யூட்டர் கதறிக்கொண்டிருந்தது. பில் போடும் அம்மா ஓடிக்கொண்டிருந்தார். எடைக்காரர் மூட்டைகளின் எடையைக் கையில் பேனாவால் எழுதி, முழங்கை வரை வந்திருந்தார். தலைமை எழுத்தர் பீரோவைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மேனேஜர் பையைக் கீழே வைத்தார். "இங்க எந்த மிஷின்தான் ஓடுது?"

"அந்த அம்மா உக்காந்திருக்கிறது ஓடுது சார்" என்றார் எடைக்காரர்.

"அது யாரோடது?"

"கெட்டுப்போச்சுன்னு சொன்னாரே, இவரோடது."

மேனேஜர் விரல் விட்டு எண்ணினார். "அப்ப, கெட்டுப்போனது நல்லா ஓடுது. நல்லா இருந்ததெல்லாம் கெட்டுப்போச்சு."

"சார், அதுக்கு ஒரு விளக்கம் இருக்கு" என்றார் யோசனை சார்.

"யோசனை பண்ணிச் சொல்ல வேண்டாம். இப்பவே சொல்லுங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை. அறிக்கை எங்க?"

"மூணு நாள் உழைப்பு சார். அத்தனையும் போச்சு."

"எத்தனை பக்கம் போச்சு?"

"பக்கக் கணக்குல சொல்ற வேலையா சார் அது?" பீரோவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இந்த மூன்று நாட்களும் வேறு யாரும் இப்படி யோசித்திருக்க மாட்டார்கள் என்று அவர் மனதார நம்பினார். மனைவி முகமும், மனைவியின் தங்கை முகமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. அந்த வேகத்தில் அவருக்கு வீரம் வந்துவிட்டது. "சார், ஒண்ணு சொல்றேன். நாலு மிஷினையும் ஆராய்ச்சி பண்ணிட்டேன். நாலுலயும் மெமரி சரியில்லை. தலைமை ஆபீஸ் மட்டமான சரக்கை வாங்கி நம்ம தலையில கட்டியிருக்கு. உழைக்கிறவன் உழைப்பெல்லாம் இப்படிப் போச்சுன்னா கிளைக்கு ஏது எதிர்காலம்? இப்பவே ஃபோன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

மேனேஜருக்குக்கூட இதில் ஏதோ நியாயம் இருப்பதாகப் பட்டது. தலைமை ஆபீஸ் மட்டமானது என்பதில் எந்தக் கிளையிலும் கருத்து வேறுபாடு கிடையாது. பீப் சத்தத்தை நிறுத்த மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபோனை மேஜை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். பில் போடும் அம்மா வேலையை நிறுத்தினார். இரண்டு டிரைவர்கள் ஜன்னலில் முகத்தை வைத்தார்கள்.

தலைமை ஆபீஸின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஓர் இளம்பெண் பேசினாள். பொறுமையான குரல்.

"திரையில ஏதாவது எழுத்து வந்துச்சா சார்? நீலமா மாறிச்சா? சத்தம் ஏதாவது?"

"ஒண்ணும் கிடையாதும்மா. மரியாதையா அணைஞ்சுடும்."

"திரும்பப் போட்டா?"

"வந்துடும். நான் நல்லா மும்முரமா யோசனையில இருக்கிறப்ப மறுபடியும் போயிடும்."

"எல்லா மிஷின்லயும் இப்படியா சார்?"

"நான் உக்காந்து எழுதினது ரெண்டு. ரெண்டுலயும்."

அவள் எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு யாருடனோ தாழ்ந்த குரலில் பேசினாள். திரும்பி வந்தபோது குரலில் தயக்கம் இருந்தது.

"சார், மன்னிக்கணும். இது மெமரிக் கோளாறு இல்லை. எங்க தப்புதான். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

யோசனை சார் பீரோவை விட்டுவிட்டு நிமிர்ந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எடைக்காரரைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

"கேட்டீங்கல்ல? அவங்க வாயாலேயே வருது. நல்லாச் சத்தமாச் சொல்லும்மா, வெளியில நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

"சாப்பாட்டு நேரம் போக, கால் மணி நேரம் யாருமே தொடலைன்னா மிஷின் தானா அணையற மாதிரி, கரண்ட் மிச்சம் பண்ண எல்லாக் கிளையிலயும் திங்கட்கிழமை ஒரு ஏற்பாடு வச்சோம் சார், இதுவரைக்கும் எந்த ஊர்லயும் ஒரு மிஷின்கூட அணையலையே, நாம செஞ்சது சரியா வேலை செய்யலையோன்னு கவலையா இருந்தோம், ரொம்ப நன்றி சார்."