குலதெய்வம் கேட்ட மெஷின்

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரத்தில் ஒரு கல்யாண மண்டபம். அதன் சுவரில் 'இங்கு எச்சில் துப்பாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே எச்சில் துப்புவதற்காக நானூறு பேர் வரிசையில் நின்றார்கள். சும்மா இல்லை, காசு கட்டி, டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

வாசலில் பேனர். வெள்ளை கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் முறுக்கிய ஏணி மாதிரி ஒரு படம், ஏணியின் உச்சியில் கிரீடம் வைத்த ராஜா. 'மரபணு மாமேதை டாக்டர் வம்சபூஷணம். ஒரு துளி எச்சில் கொடுங்கள், ஒன்பது தலைமுறை தருகிறோம்.'

கிளி, சோழி, கைரேகை எல்லாம் பழைய வியாபாரம். இவர் செய்தது புதுசு. சின்னக் குப்பியில் துப்ப வேண்டும். அதை ஒரு மெஷினுக்குள் வைப்பார். நீல வெளிச்சம் வரும், 'டிங்' என்று மணி அடிக்கும். ஒரு வாரத்தில் தங்கக் கரை போட்ட சர்டிபிகேட் வீடு தேடி வரும். நீங்கள் எந்த ராஜ வம்சம், உங்கள் பரம்பரைக்கு எந்த வியாதி வரவே வராது என்று அதில் இருக்கும். பள்ளிப்பட்டிலிருந்து திருவாலங்காடு வரை நிலபுலம் உள்ள வீடுகளிலெல்லாம் சேனாதிபதிகள் முளைத்துவிட்டார்கள். ஊரே ராஜ வம்சம் என்றால் அந்தக் காலத்தில் வரி கட்டினவன் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த வரிசையில் முப்பத்தேழாவது ஆளாக நின்றவர் அப்பாவு. இதுதான் வெட்கக்கேடு. அப்பாவு சாதாரண ஆள் இல்லை, பகுத்தறிவுவாதி. ராகுகாலத்தில்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று அடம்பிடித்துச் செய்துகொண்டவர். மகள் பூமிகாவுக்கும் ஜாதகம் பார்க்காமலேயே, மனைவி மணியம்மாளின் அண்ணன் மகன் சரவணனைக் கட்டிவைத்தவர். ஜோசியக்காரன் தெருவுக்குள் வந்தால் அவனிடம் நாலு கேள்வி கேட்டு விரட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவர் இங்கே நம்பி நின்றதற்குக் காரணம் ஒரு பச்சை ஸ்டிக்கர். அப்பாவு தேர்வாய் கண்டிகையில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகர். அளக்கிற கருவி எதைப் பார்த்தாலும் பின்பக்கம் எட்டிப்பார்ப்பது தொழில் பழக்கம். வம்சபூஷணத்தின் மெஷினுக்குப் பின்னாலும் எட்டிப்பார்த்தார். 'அளவு சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கற்பூரத்தைக் கண்ட பக்தன் மாதிரி கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

"இது சயின்ஸு மாப்ள," என்றார் பக்கத்தில் நின்ற சரவணனிடம். "ஜோசியம் இல்ல."

"நீங்க சொன்னா சரிதான் மாமா," என்று சரவணன் துப்பினான்.

எதற்காகத் துப்பினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூமிகாவுக்கு ஒன்பதாவது வாரம். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவள் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மொத்தக் குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசினார்.

"பூமிகா ரத்தத்துல ஒரு சின்னக் குறை இருக்கு. தலசீமியான்னு பேரு. அதால அவளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அவ வீட்டுக்காரருக்கும் அதே குறை இருந்தா, பொறக்குற குழந்தைக்கு நாலுல ஒரு பங்கு பெரிய வியாதியா வரலாம். வாழ்நாள் பூரா ரத்தம் ஏத்தணும். அவரும் ஒரு தரம் ரத்தம் குடுத்துடட்டும். பன்னெண்டு வாரத்துக்குள்ள தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு பாக்க வசதி."

சரவணனுக்குச் சுருக்கென்றது. "எனக்கு இன்னா குறை?" என்று எழுந்து போய்விட்டான். அப்பாவுக்கு அதைவிடச் சுருக்கென்றது. கம்பெனியில் ஊரான் குறையைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர். தன் வீட்டில் ஒருத்தர் குறை சொன்னால் தாங்குமா? மெஷினிடம் கேட்டுவிடலாம் என்று மாப்பிள்ளையைக் கூட்டி வந்துவிட்டார்.

சர்டிபிகேட் வந்தது. 'சோழர் படைத்தளபதி வம்சம். ஒன்பது தலைமுறையாகக் கலப்பில்லாத சுத்த ரத்தம். ரத்த சம்பந்தமான நோய் தீண்டாது.' சரவணன் அதைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டினான். மணியம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை, தளபதி அவள் பிறந்த வீட்டுப் பக்கம் அல்லவா.

பூமிகாவுக்கு மட்டும் பயம் போகவில்லை. ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை, சோறும் இறங்கவில்லை.

"நைனா, டாக்டரம்மா இன்னொருவாட்டி போன் பண்ணாங்க. நாள் போய்க்கினே இருக்குதாம்."

"அதான் சர்டிபிகேட்டு வந்துச்சே கண்ணு."

"அந்தாளு சொன்னது தப்பா இருந்தா, புள்ளைக்கு ரத்தம் ஏத்திக்கினு ஆஸ்பத்திரியில கெடக்கப் போறது நான்தான நைனா?"

பதில் வராதபோது பெரிய மனிதர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அங்கே சாப்பாட்டு நேரத்தில் சர்டிபிகேட்டின் போட்டோவை ஹெலனிடம் காட்டினார். ஹெலன் அவருக்குக் கீழே நாலு வருஷமாகப் பரிசோதனை வேலை பார்ப்பவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் அளந்து பேசுவாள்.

"எங்கப்பாவும் துப்பினாரு சார்," என்றாள். "அவருக்கு இன்னா வந்துச்சு தெரியுமா? உழைக்கும் வம்சமாம். வலி தாங்குற ரத்தமாம். எஜமான விசுவாசம் ஜீன்லயே இருக்குதாம்."

"அப்படியா போட்டிருக்கான்?"

"ஃபாரத்துல ஊரு, ஜாதி, எத்தினி ஏக்கர் நெலம், குலதெய்வம் எல்லாம் கேட்டாங்க. நாங்க காலனின்னு எழுதினோம். உங்களுக்குத் தளபதி, எங்களுக்கு விசுவாசம். மெஷினு எச்சிலப் படிச்சிச்சா, ஃபாரத்தப் படிச்சிச்சா?"

அப்பாவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஹெலன் விடவில்லை.

"மாசாமாசம் நம்ம அளவு கருவிய எப்படி சார் செக் பண்ணுவீங்க?"

"ஒரே பீஸுக்கு மூணு நம்பர் போட்டு, யாருக்கும் சொல்லாம கலந்து குடுப்பேன். மூணுக்கும் ஒரே அளவு வரணும்."

"வரலன்னா?"

"கருவிய தூக்கி ஓரமா போடுவேன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அப்பாவுவின் காதில் விழுந்தது. பதினோரு வருஷமாக இரும்புத் துண்டுக்குச் செய்த சோதனை, சொந்தப் பேரனோ பேத்தியோ என்றபோது நினைவுக்கு வரவில்லை. பாதிச் சோற்றோடு டிபன் பாக்ஸை மூடினார்.

அன்று சாயங்காலமே மூன்று குப்பிகளில் துப்பினார். மூன்றும் அவருடைய எச்சில்தான். ஒரு ஃபாரத்தில் திருவாலங்காட்டுப் பக்கம் பத்து ஏக்கர் வைத்திருக்கும் ராஜரத்தினம் என்று அவரும் ஹெலனும் எழுதினார்கள். இன்னொன்றில் காலனியில் குடியிருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி யேசுதாஸ். மூன்றாவதில் அன்பு என்ற பெயரும் ஹெலனின் போன் நம்பரும் மட்டும். ஊர், ஜாதி, நிலம், குலதெய்வம் எல்லாம் காலி. அவசரக் கட்டணம் கட்டினால் இரண்டே நாள் என்றார்கள். விஞ்ஞானம் காசைப் பார்த்தால் ஓடும் போலிருக்கிறது.

இரண்டு சர்டிபிகேட் வந்தன. ராஜரத்தினம் பல்லவ இளவரசனின் நேர் வாரிசு, அவருக்குச் சர்க்கரை நோய் வராது. யேசுதாஸ் உழைக்கும் வம்சம், அவருக்குச் சர்க்கரை உறுதி. தடுக்க மாதம் ஒரு பாட்டில் லேகியம் வாங்க வேண்டும். ஒரே வாயில் ஊறிய எச்சில் ஒரு பக்கம் பல்லக்கில் ஏறிவிட்டது, மறுபக்கம் பல்லக்கைச் சுமக்கப் போய்விட்டது.

மூன்றாவது வரவில்லை. போன் வந்தது. ஹெலன் ஸ்பீக்கரில் போட்டு, பதிவும் செய்துகொண்டாள்.

"மேடம், அன்புன்ற பேர்ல ஒரு சாம்பிள் குடுத்தீங்களே, குலதெய்வம் எழுதல. மெஷினு ரீட் பண்ண மாட்டேங்குது."

"எச்சில்லயே எல்லாம் இருக்குதுன்னு பேனர்ல போட்டிருக்கீங்களே?"

"இருக்குது மேடம். ஆனா குலதெய்வம் தெரிஞ்சாத்தான் மெஷினு ஸ்டார்ட் ஆவும்."

அப்பாவு தலையில் கை வைத்துக்கொண்டார். முதலில் சிரிப்பு வந்தது. பூமிகாவின் முகம் நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்று, தன் மேலேயே காறித் துப்பலாம் போல் வந்தது. துப்பித் துப்பி வாய் காய்ந்துவிட்டதால் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. சரவணனையும் இழுத்துக்கொண்டு போனார் அப்பாவு, ஹெலனும் கூட வந்தாள். மேடையில் வம்சபூஷணம் முழங்கிக்கொண்டிருந்தார். "கலப்பில்லாத ரத்தமே நோயில்லாத ரத்தம்." கைத்தட்டல். அனுபவம் சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்றதும் அப்பாவு மைக்கைப் பிடித்தார்.

"நான் அப்பாவு. ராகுகாலத்துல கல்யாணம் பண்ணவன். என்னை ஒருத்தனும் ஏமாத்த முடியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சவன். நான் ஏமாந்துட்டேன். இந்த ராஜரத்தினம் நான்தான். இந்த யேசுதாஸும் நான்தான். ரெண்டும் என் எச்சி." இரண்டு சர்டிபிகேட்டையும் படித்துக் காட்டினார். குலதெய்வம் கேட்ட போனையும் ஹெலன் மைக்கில் போட்டுக் காட்டினாள்.

வம்சபூஷணம் அசரவில்லை. "குப்பிய வெயில்ல வெச்சா ஜீன் மாறிடும்."

"அப்போ இங்கயே நெழல்ல துப்பறோம்," என்றார் அப்பாவு. "மூணு குப்பி. பேரு ஊரு ஒண்ணும் எழுத மாட்டோம். ரெண்டு என்னது, ஒண்ணு இந்தப் பொண்ணுது. எந்த ரெண்டு ஒரே ஆளுதுன்னு உங்க மெஷினு சொல்லட்டும். வம்சம்கூட வேணாம்."

வம்சபூஷணத்துக்குத் திடீரென்று கரண்ட் சரியில்லை. வோல்டேஜ் கம்மி என்றார். வரிசையில் டோக்கனோடு நின்ற எலக்ட்ரீஷியன் ஜெயராஜ், "நான் பாக்கறேன் சார்," என்று நல்ல மனசோடு மேடையேறி மெஷினின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஹோட்டலில் ஈ அடிக்க மாட்டும் நீல விளக்கு ஒன்று, வீட்டு வாசலில் வைக்கும் காலிங்பெல் ஒன்று. அதற்குள் சிலர் சமையல்கட்டுப் பக்கம் போய் ஒரு சாக்கை இழுத்து வந்தார்கள். ஊர்ப்பட்ட எச்சிலும் அதில் இருந்தது. ஒரு குப்பியின் மூடியைக்கூட யாரும் திறக்கவில்லை. வம்சபூஷணம் பின்வாசல் வழியாக ஓடப் பார்த்து, போலீஸ் வரும்வரை பந்தியில் உட்காரவைக்கப்பட்டார்.

கூட்டம் கொதித்தது உண்மைதான். ஆனால் பாதிப் பேருக்குக் கோபம் அப்பாவு மேல். "இன்னாய்யா, அப்போ நான் தளபதி இல்லியா?" என்று ஒருத்தர் அவர் சட்டையைப் பிடித்தார்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி திறக்கும்போது சரவணன் வாசலில் நின்றான். பூமிகா கேட்காமலே கையை நீட்டி ரத்தம் கொடுத்தான். அவனுக்கும் அதே குறை இருந்தது.

அப்பாவு இடிந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா திட்டவில்லை.

"உலகத்துல கலக்காத ரத்தம்னு ஒண்ணு கிடையாதுய்யா. எல்லாரும் என்னைக்கோ கலந்தவங்கதான். நடுவுல சொந்தத்துக்குள்ளயே கட்டிக்க ஆரம்பிச்சோம். ஒளிஞ்சிருக்கிற குறை ரெண்டு பக்கமும் வந்து சேந்துக்குது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு குறை. வெளிதேசத்து ஆளுங்க ரத்தத்தை மட்டும் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது, நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல முடியுமா?"

வேறு கம்பெனியின் துண்டை அளந்துவிட்டுத் தன் கம்பெனி சரக்குக்கு முத்திரை குத்துவானா ஒருத்தன்? அப்பாவுக்கு விளங்கிவிட்டது.

"அதுக்குத்தான் போன மாசம் உங்க ஊர்ல ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டு வந்தாங்க. காசு இல்ல, பேரு வெளியில வராது. யாரோ ஒருத்தர், ரத்தத்த வெளிநாட்டுல வித்துருவானுங்கன்னு பிரசங்கம் பண்ணி எல்லாரையும் தொரத்திட்டாராம்."

"அந்தாளு நான்தாம்மா," என்றார் அப்பாவு.

பதினோராவது வாரம் முடிவதற்குள் பூமிகாவைச் சென்னைக்குக் கூட்டிப்போய்க் கருவைச் சோதித்தார்கள். முடிவு வர எடுத்த நாட்களில் அப்பாவு ஒரு வேளைகூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. குழந்தைக்குப் பெரிய வியாதி இல்லை, அம்மா அப்பா மாதிரி சின்னக் குறை மட்டும்தான் என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதார். அது அவர் புத்தியால் நடந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். நாலில் மூன்று பங்கு வாய்ப்பில் பிள்ளை பிழைத்தது, அவ்வளவுதான்.

ஆராய்ச்சிக்காரர்கள் மறுபடி ஊருக்கு வந்தபோது அப்பாவு வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். எண்ணிப் பதினோரு பேர் வந்தார்கள். மற்றவர்கள் எல்லாம், "யோசிச்சு சொல்றோம்பா," என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

செத்துப்போன முப்பாட்டன் ராஜாவா என்று தெரிந்துகொள்ள, யோசிக்காமல் காசு கட்டித் துப்பின ஊர் இது. பிறக்கப்போகும் பிள்ளை பிழைக்குமா என்று தெரிந்துகொள்ள, ஒரு சொட்டு ரத்தம் தர உட்கார்ந்து யோசிக்கிறது. ஐயா, யோசியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? முதலில் யோசிக்க வேண்டிய இடத்தில் யோசியுங்கள்.