பேட்ஜ் குத்திய டீச்சர்

கூட்டத்தை அடக்கத் தெரியாதவர்களாகப் பார்த்துத்தான் பேட்ஜைக் குத்திவிடுவார்கள். எனக்குக் குத்தியதில் "அமைதிப் பொறுப்பாளர்" என்று எழுதியிருந்தது. புது ஆட்சி வந்து, மேடைக்கு மேடை அடுக்குமொழி கொடிகட்டிப் பறந்த காலம். நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். (பேட்ஜ் குத்தியதும் நடையே மாறிவிட்டதாம். வீட்டுக்காரர் சொன்னது.)

எங்கள் பள்ளி ஹாலில் பியானோ வாசிக்க வந்தவர் ராசையா. கீழ்வேளூர்ப் பக்கத்து விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளை. மிஷன் ஹாஸ்டலில் படித்து, சீமைக்குப் போய்ப் பெரிய பேர் வாங்கியவர். முந்தின அறுவடையில், கூலி நெல் தகராறில் அவருடைய அப்பா அடிபட்டு இறந்துபோனார். மகனுக்குத் தந்தி கிடைப்பதற்குள் காரியமே முடிந்துவிட்டது. இப்போது வந்தும், ஊரில் பதற்றம் என்று போலீஸ் அவரை வீட்டுக்கு விடவில்லை.

அதனால் அவருடைய அம்மா அஞ்சலை, தெருப் பெண்களோடு லாரி ஏறி வந்துவிட்டார். மகனைப் பார்க்க வேண்டும் என்றார். கச்சேரி முடியட்டும் என்று கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். இருமக் கூடாது, நடுவில் கைதட்டக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்று பரீட்சை ஹாலில் சொல்வது மாதிரி ஒப்பித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அழக் கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

முதலில் வாசித்ததெல்லாம் விறுவிறுவென்று ஓடியது. முன்வரிசையில் கலெக்டரும் மிராசுதார்களும் எல்லாம் புரிந்த முகத்தோடு இருந்தார்கள். பிறகு ராசையா மெதுவாக ஒன்றை ஆரம்பித்தார். நாலு சுரம், நிறுத்தம், மறுபடி நாலு சுரம். அஞ்சலையம்மா எழுந்துவிட்டார்.

"உக்காருங்கம்மா, நடுவுல போகக் கூடாது."

"எம் புள்ள ஒத்தையில அழுவுதும்மா. சின்னதுலேர்ந்து இப்புடி நிறுத்தி நிறுத்தித்தான் அழுவும்."

அவர்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் யாரையும் தனியாக அழ விடமாட்டார்கள். தோளைக் கட்டிக்கொண்டு கூட அழ வேண்டும். அஞ்சலையம்மா விறுவிறுவென்று மேடையேறி மகனைக் கட்டிக்கொண்டார்.

"ஒன்னப் பாக்காமயே போயிட்டாரேடா ராசா."

தெருப் பெண்களும் ஏறிச் சூழ்ந்துகொண்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். நானும் ஓடிப்போய் வீராப்பாக "உஷ்" என்றேன். ஒரு கை என் தோளைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தது. அவ்வளவுதான். முகம்கூடப் பார்த்திராத ஒரு மனுஷருக்காக, பேட்ஜோடு, விக்கி விக்கி அழுதேன். ராசையா அப்படியே கட்டைகள்மேல் கவிழ்ந்தார். பியானோ மொத்தமாக ஒரு சத்தம் போட்டது. அதுதான் முடிவு என்று நினைத்துக் கலெக்டர் கைதட்டினார். மிராசுதார்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கச்சேரி அத்தோடு சரி.

என் வீட்டுக்காரர் இதை ஆயுசு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். எங்கே குழந்தை அழுதாலும், "டீச்சருக்குப் பேட்ஜைக் குத்துங்க, கூடச் சேர்ந்து அழுவாங்க" என்பார்.

போன வருஷம் அவர் போய்விட்டார். வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லி, காபி போதுமா என்று கேட்டு, பொட்டுக் கண்ணீர் விடாமல் நடமாடிக்கொண்டிருந்தேன். மகன் வந்து என் தோளைக் கட்டிக்கொண்டான்.

"பேட்ஜைக் கழட்டிடும்மா" என்றான்.