விமானக் கணக்கு

காரைக்கால் விமான நிலையத்துக்கும் புதுச்சேரி விமான நிலையத்துக்கும் இடையே பறக்கும் நேரம் இருபத்தைந்து நிமிடம் என்று சுற்றறிக்கை வந்த நாளோடு எங்கள் ஊரில் தாமதம் ஒழிந்தது. காரைக்காலில் விமான நிலையம் இல்லை. அது ஒரு சிறு குறை என்று சுற்றறிக்கையிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

என் மகள் ஓவியா நர்ஸ் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். புதுச்சேரியில் பத்து மணிக்கு நேர்காணல். அதற்கான அழைப்பை அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் காரைக்கால் அலுவலகத்தில் கொடுத்தார்கள்.

"பஸ்ஸுல நாலு மணி நேரம் ஆவுமேங்க சார்," என்றேன் அதிகாரி ஆனந்தராஜிடம்.

"பஸ் நேரத்தை நிர்வாகம் ஏற்பதில்லைம்மா. விமானத்துல போங்க."

"இங்க விமான நிலையமே இல்லையேங்க?"

"புதுச்சேரியில இருக்குல்ல? ரெண்டுல ஒண்ணு தயார். பாதி வேலை முடிஞ்சுது."

"நடுவுல தமிழ்நாட்டு செக்போஸ்ட்டெல்லாம் வருதுங்க."

"வானத்துல ஏதும்மா செக்போஸ்ட்? பதறாதீங்க. நேர்காணல் நடத்தப் போறதே நான்தான். நானும் இப்பத்தான் கிளம்புறேன்."

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். நாங்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம். சிதம்பரத்தில் ஒரு பிரியாணிக் கடை வாசலில் அந்த ஜீப் நிற்பதைப் பஸ் ஜன்னல் வழியே பார்த்தோம்.

புதுச்சேரி அலுவலகத்தில் நுழைந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். அங்கிருந்த எழுத்தர் பிரதீபா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒன்பதுக்குக் கிளம்பிட்டு இப்ப வர்றீங்க. வழியில எங்க இறங்குனீங்க?"

"சீர்காழியில, வடை வாங்க," என்றேன்.

"பறக்கும்போது அனுமதி இல்லாம இறங்கியிருக்கீங்க. மனு தள்ளுபடி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓவியா கலங்கவில்லை.

"அதிகாரி வந்துட்டாராக்கா?"

"சுற்றறிக்கைப்படி காலையிலேயே வந்துட்டாரு," என்று காலி நாற்காலியைக் காட்டினாள் பிரதீபா. வருகைப் பதிவும் ஆகியிருந்தது.

"அப்ப அவரே முடிவு பண்ணட்டும்." ஓவியா போய் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தாள். "வணக்கம் சார். கேளுங்க."

பிரதீபா நாற்காலியைப் பார்த்தாள், வருகைப் பதிவைப் பார்த்தாள். காலி நாற்காலி என்று சொன்னால் அதிகாரி வரவில்லை என்றாகும், சுற்றறிக்கை பொய்யாகும்.

"அதிகாரி ஆட்சேபணை எதுவும் சொல்லல," என்று முத்திரை குத்தினாள். "வேலை உறுதி. ஏனாமில்."

"ஆந்திராப் பக்கமா!" என்று அலறினேன். "இவ எங்க தங்குவா?"

"தங்குமிடம் கிடையாதும்மா. விமானக் கணக்குப்படி தினமும் வீட்டுல இருந்தே போய் வரலாம்."

ஓவியா சிரித்தாள். "காலையில கொஞ்சம் சீக்கிரம் எழுப்பும்மா."

போன வாரம் நெடுங்காட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

"பொண்ணு வேலை பார்க்குறது எங்கங்க?" என்று கேட்டார்கள்.

"பக்கந்தாங்க," என்றேன். "ஏறி உட்கார்ந்தா இறங்க வேண்டியதுதான். பையன் வீடு நெடுங்காட்டுல எங்கங்க?"

"காரைக்கால் விமான நிலையத்துக்கு நேர் எதிர்ல."

இவ்வளவு வசதியான இடம் இனி அமையுமா? அன்றே தாம்பூலம் மாற்றிக்கொண்டோம்.