சனியைப் பார்க்கப் போன பகுத்தறிவாளர்

கடவுள் உண்டு என்பவரை உங்களுக்குத் தெரியும். இல்லை என்பவரையும் தெரியும். இவர்களுக்கு நடுவே, இரண்டு பக்கத்திலும் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறாரே, அவரைக் கவனித்திருக்கிறீர்களா? 'எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கெடையாது' என்று கணீரென ஆரம்பிப்பார். பிறகு ஒரு சின்ன மூச்சு. பிறகு, 'ஆனா எதுக்கு வம்பு?' இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் இன்னும் சூட்டப்படவில்லை. சூட்ட வேண்டியவர்களும் இதே இனம். நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தேனியில் உதவிப் பொறியாளராக இருக்கும் ஈஸ்வரபாண்டி இந்த இனத்தின் பழுதில்லாத மாதிரி. ராகு காலம் என்பது வெறும் ஒன்றரை மணி நேரம் என்பார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் புது வேலை எதையும் தொடங்க அவருக்கு ஏனோ கை வராது. சனிக்கிழமைக் காலையில் மனைவி முருகம்மாளைக் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போவார், டிரைவராக மட்டும். டிரைவர் எதற்குத் தலைக்குக் குளித்துவிட்டு வருகிறார், எள் தீபம் அணையாமல் எரிகிறதா என்று ஏன் வாசலிலிருந்து எட்டிப் பார்க்கிறார் என்றெல்லாம் கேட்கக் கூடாது. அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று ஜோசியர் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தவர் அவர்தான். எந்த மாதம் முடிகிறது என்று மனைவியிடம் தனியாக விசாரித்தவரும் அவர்தான்.

இந்த நிலையில்தான் மகள் கூப்பிட்டாள். கல்லூரியில் இயற்பியல் படிக்கும் ஓவியா, சின்னமனூர் வானியல் மன்றத்தில் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தொலைநோக்கி வைத்துச் சனிக் கோளைக் காட்டுகிறார்கள். அப்பா கட்டாயம் வர வேண்டும். சனிக்கிழமையன்று சனி. நாள் குறித்தவர்களுக்குக் கொஞ்சமாவது விவரம் வேண்டாமா? அதிலும், ஈஸ்வரபாண்டியின் இடமாற்ற உத்தரவு வருவது திங்கட்கிழமை. தேனியிலேயே விட்டுவைத்தால் பாதியில் நிற்கும் வீட்டைக் கட்டி முடிக்கலாம். ராமநாதபுரம் பக்கம் தூக்கிப்போட்டால், பக்கத்தில் நின்று வேலை வாங்க ஆளில்லை. கோயிலிலேயே அந்தச் சாமிக்கு நேர் எதிரே நிற்காமல் அரையடி ஒதுங்கி நின்று கும்பிடுகிற குடும்பம் அது. இங்கேயோ அவரைப் பெரிதாக்கி, கண்ணுக்கு ஓர் அங்குலத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு மூடநம்பிக்கையைச் சாடி அவளுக்கு எழுதிக் கொடுத்ததே இவர். அவள் முதல் பரிசு வாங்கினாள். அதைவிட ஆபத்து, எழுதிக் கொடுத்ததை நம்பியும் விட்டாள்.

மைதானத்தில் மன்றத் தலைவர் கிங்ஸ்லி, புதிதாக வந்தவர்களை முன்னால் வரச் சொன்னார். ஈஸ்வரபாண்டி தொலைநோக்கியை நெருங்கியதும் அனிச்சையாகச் செருப்பைக் கழற்றினார். மகள் பார்ப்பதைக் கண்டு, உள்ளே கல் இருந்ததுபோல் உதறி மாட்டிக்கொண்டார். பிறகு வந்ததே ஒரு தாராள மனசு! குழந்தைகளுக்கு இடம் விட்டார், வயதானவர்களுக்கு விட்டார், கபடி ஆடும் இளைஞர்களுக்கும் விட்டார். பின்னாலிருந்த இருளம்மாள் என்ற அம்மாள் மட்டும் தயங்கவேயில்லை. கண்ணை வைத்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "குச்சனூர்ல கூட்டத்துல எட்டித்தேன் பாக்கணும். இங்கன ஆளாளுக்குக் கிட்டக்கக் காட்டுறாக."

விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து ஈஸ்வரபாண்டி மைதானத்தின் கடைசிக்கே வந்துவிட்டார். அங்கே டீ கொடுத்தார்கள். சனி இருந்த மேற்கு வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு டீயை இரண்டு டீயின் நேரத்துக்குக் குடித்தார். அதற்குள் கேரள மலைப்பக்கமிருந்து மேகம் ஏறிச் சனியை மூடியது அவர் கண்ணில் படவில்லை; கிங்ஸ்லி குழாயைக் கிழக்கே திருப்பி, அடுத்து என்ன என்று அறிவித்ததும் காதில் விழவில்லை. ஓவியா வந்து கையைப் பிடித்து இழுத்துப்போய் நிறுத்தினாள்.

முதலில் பக்கவாட்டில் நின்று பார்க்க முயன்றார். அதற்குத் தோதாகத் தொலைநோக்கியை இன்னும் யாரும் செய்யவில்லை. வேறு வழியின்றிக் குனிந்தார். இமையைக் குழாயில் ஒட்டினார். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். நான் ஒங்களப் பாக்கல, நீங்களும் என்னப் பாக்காதீக என்று மனசுக்குள் ஓர் ஒப்பந்தம். நிமிர்ந்தார்.

"அற்புதம்மா. வளையம் அப்படியே தெளிவாத் தெரியுது."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்.

"அப்பா, சனி அப்பவே மேகத்துக்குள்ள போயிருச்சு. இது வியாழன்" என்றாள் ஓவியா. பிறகு குரலைத் தாழ்த்தி, "கண்ண மூடிக்கிட்டீகளாப்பா?"

அவர் முகம் வெளுத்தது. மகளிடம் மாட்டிக்கொண்டதற்காக என்றா நினைக்கிறீர்கள்? வியாழன்! அதாவது குரு. யாருடைய பார்வை பட்டால் காரியமெல்லாம் கைகூடும் என்று ஜோசியர் சொன்னாரோ அந்த குரு, வலிய வந்து எதிரே நிற்க, இந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"தூசி விழுந்திருச்சும்மா. இன்னொரு தடவ பாக்கட்டுமா?"

சட்டைக் காலரைச் சரிசெய்தார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார். நேருக்கு நேராக, ஒரு மயிரிழை ஒதுங்காமல் நின்று பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். இருளம்மாள், அவரு ஒனக்கு மட்டுமா வந்திருக்காரு என்று பின்னாலிருந்து முணுமுணுத்தும் அசையவில்லை.

"எதுக்குப்பா இம்புட்டு நேரம்?"

"அறிவியல்மா."

கோள் நகர நகர, அது அப்பாவின் கண்ணைவிட்டு விலகாதபடி ஓவியா குழாயைத் திருப்பிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவர் விலகியதும் அவளும் ஒருமுறை பார்த்தாள். சற்றுக் கூடுதல் நேரம்தான். அடுத்த வாரம் அவளுக்கு செமஸ்டர் ரிசல்ட்.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. தேனியுமில்லை, ராமநாதபுரமுமில்லை, உத்தமபாளையம். தினமும் பஸ்ஸில் போய்வந்து வீட்டைக் கட்டிவிடலாம். முருகம்மாள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். ஈஸ்வரபாண்டிக்கு மட்டும் ஆறவில்லை.

"மொதத் தடவையே கண்ணத் தொறந்திருந்தா தேனியே கெடச்சிருக்கும்" என்றார். "நம்பிக்கையெல்லாம் இல்ல. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

நீங்கள் இந்த இனமில்லை, எனக்குத் தெரியும். வார ராசிபலனைச் சும்மாதான் புரட்டுகிறீர்கள், அதுவும் உங்கள் ராசியை மட்டும். நல்லது. அடுத்த முறை மன்றத்தில் இரண்டு தொலைநோக்கிகள் வைக்கிறார்களாம்: சனிக்கு ஒன்று, குருவுக்கு ஒன்று. அவசியம் வாருங்கள். மைதானம் இருட்டாகத்தான் இருக்கும், உங்களை யாரும் பார்க்கமாட்டார்கள். கால் எந்த வரிசைக்குத் தானாகப் போகிறது என்று நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள்.