சுவரைப் பார்த்துச் சாப்பிடுவது குறித்து மைத்துனருக்கு

அன்புள்ள மைத்துனருக்கு, அத்தான் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது. அதில்தானே நமக்குள் கருத்து வேறுபாடு. ஞாயிறன்று காரோடு வந்து உங்கள் அக்காவை உங்கள் வீட்டுக்கே அழைத்துப் போவதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு நீங்கள் சொன்ன மூன்று காரணங்களுக்கும் என் பதில் வரிசைப்படி:

1. மாத்திரை தவறுவதில்லை.
2. நான் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவது சண்டையால் அல்ல.
3. தொலைபேசியில் அவள் பேச்சு நின்றது நோயால்தான்.

முதலாவது. உங்கள் அக்காவுக்கு வந்திருக்கும் மயஸ்தீனியா நோயில் தசைகள் உழைக்க உழைக்கச் சோர்ந்துவிடும். அதனால் முன்கூட்டியே மாத்திரை கொடுத்து, மெல்லவும் விழுங்கவும் வலு வந்த பிறகே தட்டு வைக்க வேண்டும் என்று வீட்டுக்கு வரும் நர்ஸம்மா சொன்னார். அப்படியே செய்தேன். உங்கள் அக்கா அந்த வலு முழுவதையும் என்னைத் திட்டியே தீர்த்துவிட்டாள். சாப்பாடு வந்தபோது தாடை ஓய்ந்திருந்தது. இப்போது திட்டு சாப்பாட்டுக்குப் பின் என்று ஏற்பாடு. அவளும் ஒப்புக்கொண்டாள், ஆனால் சேர்த்துவைத்துத் திட்டுகிறாள்.

இரண்டாவது. விழுங்கும்போது சிரித்தால் புரையேறும். அவளுக்கு அது ஆபத்து. எனவே எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் கவலையோடு கவனித்தேன். என் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தாள். நர்ஸம்மா என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறதோ என்று பயந்து, சுவரில் சவரக் கண்ணாடியை மாட்டினேன். அதில் என் முகம் இன்னும் பெரிதாகத் தெரிந்ததாம். கண்ணாடியை நர்ஸம்மா கழற்றிவிட்டார். போன மாதம் நீங்கள் வந்து பார்த்துக் கொதித்த காட்சி இதுதான்.

மூன்றாவது. "இங்கயே இருக்கியா, என்கூட வந்துடறியாக்கா?" என்று நீங்கள் கேட்டபோது அவள் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற நான் உடனே கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்த மாத்திரைக்கு நேரம் நெருங்கியிருந்தது, குரல் மங்கும் வேளை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நீங்கள் கொண்டதைப் பணிவுடன் மறுக்கிறேன். மறுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். உங்கள் வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள். இங்கே நான் ஒருவன், அதுவும் நான். அவளுக்கு அதுதான் நல்லது என்றால் தடுக்க எனக்கு என்ன யோக்கியதை?

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: இதை உங்கள் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அன்னைக்குக் குரல் நல்லாத்தான் இருந்தது. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்வீங்களான்னு பாத்தேன். நீங்க கடிகாரத்தைப் பாத்தீங்க" என்றாள். இப்போது சொல்லிவிட்டேன். நாக்குக் குழறியது எனக்குத்தான். ஆகவே கார் வேண்டாம், நீங்கள் ஒருவர் வர பஸ் போதும். மூன்றாவது குறிப்பு தவறு.