மாமனார் நாற்காலியின் பேட்டரி

இந்த முறை இஸ்தான்புல்லுக்கு நானும் என் மனைவி ரபாபும் மட்டும்தான். மூன்றாவது ஆள் கிடையாது! கண்ணாடி முன் நின்று மீசையைப் பிடித்துக்கொண்டு சபதமே செய்தேன்.

மூன்றாவது ஆள் என் மாமனார் ஃபௌஸி. அவருக்கு முழங்கால் போய்விட்டது, வாய் போகவில்லை. மின்சார நாற்காலியில் வீட்டுக்குள் ஊர்வலம் போவார். ஹாரனும் அடிப்பார், என் காலில் ஏற்றிய பிறகு. தாவ்லே என்ற பகடையாட்டம் ஆட உட்கார்ந்தால் பகடையை மேஜைக்கடியில் உருட்டிவிட்டு, "ஆறும் ஆறும், மாப்பிள!" என்பார். குனிந்து பார்த்தால் ஆறும் ஆறுமாகவே கிடக்கும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

பெய்ரூத்தில் கரண்ட் எப்போது வரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. அவர் நாற்காலி மட்டும் ஒருநாளும் நின்றதில்லை. ஏன்? மருமகன் பேட்டரிக் கடைக்காரன்! நல்ல சரக்காகப் பார்த்துப் போட்ட என் கையை உடைக்க வேண்டும்.

அந்தக் கையாலேயே பரிகாரமும் செய்தேன். நாற்காலி பேட்டரி முந்நூறு வாட்-மணிக்குள் இருந்தால் கழற்றி, கையோடு விமானத்தில் கொண்டு போகலாம். அதைத் தாண்டினால் இடமில்லை. அவருடையது இருநூற்றெண்பது. கடையில் லேபிளுக்கா பஞ்சம்? மாமனார் மதியம் குறட்டை விட்ட நேரத்தில் '500' என்று ஒன்றை மேலே ஒட்டிவிட்டேன்.

"ரபாப், மனசத் திடப்படுத்திக்கோ. உங்க பாபா வர முடியாது."

"ஏன், அவருக்கென்ன?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. அவர் பேட்டரி ரொம்பப் பெருசு. பிளேன்ல ஏத்த மாட்டாங்க."

"நீங்கதானே போட்டீங்க?"

"பாசத்துல பெருசா போட்டுட்டேன்!"

"சின்னதா மாத்துங்க."

"அந்த நாற்காலிக்குச் சின்னது வர்றதே இல்ல."

"பெட்டிக்குள்ள வச்சிட்டா?"

"லித்தியம்டி! பவர் பேங்க்கயே பெட்டில வைக்கக்கூடாதுன்றான். பிளேன் தீப்பிடிச்சா உங்கப்பாவா வந்து அணைப்பாரு?"

கத்தினேன். பொய்க்கோபமாகத்தான் ஆரம்பித்தேன். கத்தக் கத்த நிஜமாகவே வந்துவிட்டது. ரபாப் அசரவில்லை. விமான அலுவலகத்துக்கே போன் போட்டு, நாற்காலி முன் குனிந்து எண்ணைப் படித்தாள். "ஐந்நூறா? கண்டிப்பா முடியாது மேடம்" என்றாள் எதிர்முனையில் இருந்த பெண். அவளுக்கு ஒரு தட்டு பக்லாவா இனிப்பு அனுப்பலாம் போலிருந்தது.

ரபாப் அழவில்லை, சண்டை போடவில்லை. லேபிளின் ஓரத்தை நகத்தால் ஒரு தடவை நீவிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கிளம்பும் நாள். வாசலில் டாக்ஸி. டாக்ஸிக்குள் மாமனார்! கோட்டு, தொப்பி, மடியில் தாவ்லே பலகை.

"இவரு எங்க வர்றாரு?"

"இஸ்தான்புல்லுக்கு."

"ரூல் இருக்குடி!"

"ரூல் பேட்டரிக்குத்தானே? அத வீட்லயே விட்டாச்சு. மேல்வீட்டம்மா உம் வலீத்கிட்ட கையால தள்ற நாற்காலி இரவல் வாங்கிட்டேன். டிக்கில இருக்கு."

"யாரு தள்றது? அந்த ஊரே மேடும் பள்ளமும்!"

"அதான் எனக்கும் கவலை. ஒருவேளை அந்த லேபிள் தப்பா இருக்குமோ? நீங்க கடைக்காரர், பார்த்துச் சொல்லுங்க. பாபாவும் கேக்கட்டும்."

மாமனார் தொப்பியைக் கழற்றிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் முதுகு போகும்.

"லேபிள் சரிதான்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாவம், எவ்ளோ பாசம் என் மாப்பிளைக்கு!" என்றார் கிழவர்.

விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போட்ட பெண் எட்டிப் பார்த்தாள். "இந்த நாற்காலிக்குப் பேட்டரி இருக்கா மேடம்?"

"இருக்கு" என்று ரபாப் என்னைக் காட்டினாள். "பின்னாடி நிக்குது பாருங்க. கையோடதான் கொண்டு போறோம்."

அந்தப் பெண் சிரித்தாள். வரிசையே சிரித்தது. நான் வாயைத் திறப்பதற்குள், நாற்காலியிலிருந்து "பீப்! பீப்!" என்று வாயாலேயே ஹாரன் அடித்தார் மாமனார்.

தள்ள ஆரம்பித்தேன்.